நாற்பது சதவீதம் வேண்டும்

என் அக்காவைக் கட்டியவருக்குச் செருப்புக்கடை. கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்து விற்கிற கடை இல்லை. தைப்பது, ஒட்டுவது, குதிகால் மாற்றுவது, கால் அளவெடுத்துப் புதிதாகச் செய்வது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில், ஜெராக்ஸ் கடைக்கும் சாவி செய்கிற கடைக்கும் நடுவில், இரண்டு ஆள் அகலத்துக்கு ஓர் இடம். நான் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்துக் குறிக்கிறவன். வருஷத்துக்கு மூன்று ஜோடி தேய்ப்பேன். மூன்றையும் அவர்தான் சரிசெய்வார். "நீ நடக்கறியா, தரையைச் சீவறியா மாப்ளே?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். நான் அவரை மச்சான் என்பேன்.

மச்சானைப் பற்றி எழுத உட்கார்ந்தால் காலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அவருக்கு அது பிடிக்காது என்று தெரிந்தும் வேறு வழி தெரியவில்லை. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போனது. வலது காலைவிட நாலரை சென்டிமீட்டர் குட்டை. பள்ளிக்கூடத்தில் அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. பதினாறு வயதில் தோல் வேலைக்குப் போனதே இதற்காகத்தான் என்று அக்கா சொல்வாள். தன் காலுக்குத் தானே ஷூ செய்துகொண்டார். இடது ஷூவுக்குள் கார்க் அடுக்கு. அது வெளியே தெரியாமலிருக்க இரண்டு ஷூவும் கணுக்காலுக்கு மேலே ஏறும். பேன்ட் கொஞ்சம் அகலம். கண்ணாடி முன்னால் நின்று நடையைப் பழகியிருக்கிறார். தெருவில் அவர் நடந்துபோனால், இந்த மனுஷனுக்கு என்ன இவ்வளவு நிதானம் என்று தோன்றும், அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு முன்பே அக்காவிடம் தானே சொல்லிவிட்டாராம். அவளைத் தவிர வேறு யாரும் அவர் வெறுங்காலோடு நடந்து பார்த்ததில்லை. என் வீட்டுக்கு வந்தால் வாசற்படியிலேயே நின்று பேசுவார். "ஷூவைக் கழட்டி மாட்ட நேரமாகும் மாப்ளே, அவசரமா போறேன்" என்பார். பதினெட்டு வருஷமாக ஒரு மனுஷன் அவசரமாகவே போய்க்கொண்டிருந்தார். நானும் ஒருநாளும் வற்புறுத்தவில்லை.

எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது அக்கா இல்லை, டேபிள் டென்னிஸ். நகராட்சி விளையாட்டுக் கூடத்தில் நான்கு மேஜைகள். தினமும் மாலை ஆறு மணிக்கு அவர் கடையை அடைத்துவிட்டு வருவார், நான் மீட்டர் புத்தகத்தை ஒப்படைத்துவிட்டு வருவேன். இரட்டையர் ஆட்டத்தில் கூட்டாளிகள் மாறி மாறித்தான் அடிக்க வேண்டும். ஒருவர் அடித்ததும் விலகி அடுத்தவருக்கு வழிவிட வேண்டும். மச்சானால் சட்டென்று விலக முடியாது. அதனால் அவர் இடது மூலையில் நட்டு வைத்த மாதிரி நிற்பார். நான் அவர் முதுகைச் சுற்றிச் சுற்றி ஓடி என் பந்தை அடிப்பேன். எதிரில் ஆடுகிறவர்களுக்கு நான் எந்தப் பக்கம் முளைப்பேன் என்றே தெரியாது. அவருடைய பேக்ஹேண்டில் அப்படி ஒரு நெளிவு. இரண்டு முறை நகரக் கோப்பையில் அரையிறுதி வரை போயிருக்கிறோம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் யாரும் அவர் காலைப் பார்க்க மாட்டார்கள். பந்தைப் பார்க்கவே நேரம் இருக்காது.

அப்புறம்தான் கொள்கை வந்தது.

தேசிய அளவில் விளையாட்டை ஊக்குவிக்கிறார்களாம், யாரையும் விட்டுவிடாமல். கூடத்தின் சுவரில் ஒரு பெரிய போஸ்டர். சக்கர நாற்காலியில் ஒருவர், நரைத்த தலையோடு ஒரு பெண்மணி, பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி, தசை புடைத்த ஓர் இளைஞன், நான்கு பேரும் சிரித்துக்கொண்டே ஒரே பந்தைப் பிடித்திருந்தார்கள். மச்சான் அதையே உற்றுப் பார்த்தார். "ஒரே பந்தை ஆளாளுக்குப் பிடிச்சிக்கிட்டிருந்தா யாரு மாப்ளே அடிக்கறது?" என்றார். நானும் சிரித்தேன். விஷயம் எங்கள் தலையில்தான் விடியப்போகிறது என்று அப்போது தெரியாது.

போஸ்டருக்குக் கீழே நேர அட்டவணை. காலை ஆறு முதல் எட்டு பெண்கள், எட்டு முதல் பத்து மூத்தோர், மதியம் இரண்டு முதல் நான்கு மாற்றுத்திறனாளிகள், அதுவும் செவ்வாய், வெள்ளி மட்டும். நான்கு முதல் ஆறு மாணவர்கள், ஆறுக்கு மேல் பொது. ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் என்று மேலிடத்துக்கு எண்ணிக்கை போக வேண்டுமாம். எல்லோரையும் சேர்க்கிறோம் என்று சொல்லிவிட்டு எதற்கு எல்லோரையும் பிரிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. கவுன்ட்டரில் இருக்கும் அம்மாவைக் கேட்டேன்.

"பிரிச்சாதானே சார் யாரு வரலன்னு தெரியும்?" என்றார்.

அதுவும் சரிதான் போலிருந்தது. இதுதான் என் கஷ்டம். அந்தக் கொள்கையில் ஒவ்வொரு வரியும் தனியாகப் படித்தால் நியாயமாகத்தான் இருந்தது. சேர்த்துப் படித்தால்தான் தலை சுற்றியது.

கவுன்ட்டர் அம்மா ஆளுக்கொரு படிவம் நீட்டினார். அதில் நீங்கள் விளையாட்டு வீரரா, பங்கேற்பாளரா, பயனாளியா, உதவியாளரா என்று நான்கு கட்டங்கள்.

"நான் வீரர்தானேம்மா?" என்றேன்.

"மெடல் வாங்கியிருக்கீங்களா?"

"அரையிறுதி..."

"அப்ப பங்கேற்பாளர்."

"பயனாளின்னா?"

"அதுவும் நீங்கதான். ஆனா அதுல டிக் போடாதீங்க, அது வேற ஃபைல்."

அதற்குக் கீழேதான் வம்பு இருந்தது. 'உடலில் ஏதேனும் குறைபாடு உள்ளதா? ஆம், இல்லை.' இல்லை என்றால் பொது நேரம். ஆம் என்றால் மாற்றுத்திறனாளிகள் நேரம், அதற்கு நாற்பது சதவீதக் குறைபாடு என்று டாக்டர் எழுதிக் கொடுத்த அட்டை வேண்டும். இருபதாம் தேதிக்குள் பதிவு செய்யாதவர்களுக்கு நுழைவு கிடையாது. தவறான தகவல் தரவில்லை என்று கடைசியில் கையெழுத்து.

நான் குனிந்து மச்சான் காதில் சொன்னேன். "இல்லன்னு போடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

மச்சான் பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார். "கையெழுத்துப் போட்டுப் பொய் சொல்ல மாட்டேன் மாப்ளே."

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. நாற்பது வருஷமாக ஊரையே ஷூவால் ஏமாற்றுகிறவர், ஒரு கட்டத்தில் டிக் போட மாட்டாராம். "அப்ப கால்ல மாட்டியிருக்கறது என்னவாம்?" என்று கேட்டே விட்டேன்.

"அதைப் பத்தி யாரும் எழுதிக் கேக்கலியே" என்றார். சொல்லிவிட்டு 'ஆம்' கட்டத்தில் டிக் போட்டார். இவரை எந்தக் கட்டத்தில் அடைப்பது என்று எனக்கே தெரியவில்லை, பாவம் அரசாங்கத்துக்கு எப்படித் தெரியும்?

அட்டை கைக்கு வரும்வரை உள்ளே விட மாட்டோம் என்றுவிட்டார்கள். ஆட்டம் இல்லாத ஒரு வாரம் அக்கா வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. மாலை ஆறு மணி ஆனால் மச்சான் கடையை அடைப்பார், கூடம் இருக்கும் திசையில் நான்கு அடி வைப்பார், திரும்பி வந்து மறுபடி திறப்பார். யாரோ ஒருவருடைய வலது ஷூவுக்கு இன்னொருவருடைய அடித்தோலை வைத்து ஒட்டிவிட்டார். அக்கா எனக்கு போன் செய்தாள்.

"டேய், அந்த மனுஷனுக்கு அந்த மேஜையை விட்டா வேற உலகம் கிடையாது. எப்படியாவது அட்டை வாங்கிக் குடுத்துடு. உன் கால்ல வேணா விழறேன்."

"என் கால்ல எதுக்குக்கா விழறே? டாக்டர் கால்ல இல்ல விழணும்?"

"உன் திருவாயைக் கொஞ்சம் மூடிட்டுக் கூட்டிட்டுப் போ."

அரசு மருத்துவமனையில் புதன்கிழமைதான் இந்த அட்டை வேலை. என்னை 'உதவியாளர்' என்று பதிந்துகொண்டார்கள். அன்றைக்கு மச்சான் வந்த கோலத்தைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். நன்றாக இஸ்திரி போட்ட பேன்ட், முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போட்ட ஷூ. பெரிய இடத்துக்குப் போகிறோமே என்று மரியாதைக்குப் போட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வரிசை மாடிப்படிவரை நின்றது. டாக்டருக்கு நிமிர்ந்து பார்க்க நேரமில்லை.

"நடங்க" என்றார்.

மச்சான் நடந்தார். நாற்காலியிலிருந்து சுவர்வரை, சுவரிலிருந்து நாற்காலிவரை. முதுகு நேராக, தோள் ஆடாமல். அப்படி ஒரு நடையை நான் அதுவரை அவரிடம் பார்த்ததில்லை.

"நல்லாதானே நடக்கறீங்க? எதுக்கு வந்தீங்க?" என்றார் டாக்டர். எதையோ கிறுக்கி நீட்டினார்.

வெளியே வந்ததும் மச்சான் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பரீட்சையில் பாஸான மாதிரி. "மாப்ளே, டாக்டருக்கே தெரியல!" என்று என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். எனக்கும் தலைகால் புரியாத சந்தோஷம். எதிரே இருந்த கடையில் டீ சொன்னோம். பாதி டீயில் அவர் கை அப்படியே நின்றது. சீட்டை எடுத்துப் பிரித்தார். எட்டு சதவீதம்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். வேண்டியது நாற்பது.

"நான் ஏன் மாப்ளே அப்படி நடந்தேன்?" என்றார். என்னைக் கேட்கவில்லை, தன்னைத்தான் கேட்டுக்கொண்டார். யாராவது பார்த்தால் அவருக்கு வேறு மாதிரி நடக்கத் தெரியாது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டில் எதைச் செய்வது என்று தெரியாமல் இன்னொரு டீ சொன்னேன்.

அடுத்த புதன்கிழமை பதினைந்தாம் தேதி. மறுபரிசீலனை என்று ஒரு மனு எழுதி, அதே வரிசையில், அதே படியில் நின்றோம். டாக்டர் இந்த முறை நிமிர்ந்து பார்த்தார்.

"போன வாரம் வந்தீங்கல்ல? ஷூவோட அளந்தா அளவு வராது. ரெண்டையும் கழட்டுங்க, பேன்ட்டை முட்டிவரைக்கும் ஏத்துங்க, நடந்து காட்டுங்க." நல்ல மனுஷர்தான். குரலில் குத்தல் இல்லை.

மச்சான் நாற்காலியில் உட்கார்ந்தார். ஷூ கயிற்றில் கை வைத்தார். கை நகரவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, "நீ வெளியே இரு மாப்ளே" என்றார்.

போனேன். அந்தக் கதவுக்குக் கொண்டி சரியில்லை, சாத்தினாலும் இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்துகொண்டது. நான் திரும்பி நின்றிருக்க வேண்டும். நிற்கத்தான் செய்தேன், முதல் ஷூ தரையில் விழும் சத்தம் கேட்கும்வரை. அதற்கு மேல் முடியவில்லை.

பார்த்தேன்.

இடது கால் என் முழங்கை பருமன்தான் இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் இடது கையால் தொடையை அழுத்திக்கொண்டு ஒரு பக்கமாக இறங்கி, மறுபடி ஏறி நடந்தார். சுவர்வரை பதினோரு அடி. டாக்டர் இன்னொரு முறை என்றார். அவர் டாக்டரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மறுபடி பதினோரு அடி நடந்தார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. இந்தக் காலை வைத்துக்கொண்டா இந்த மனுஷன் பதினெட்டு வருஷம் எனக்குத் தோள் கொடுத்து நின்றார்? நான் சுற்றிச் சுற்றி ஓடியதற்கு மூச்சு வாங்குகிறது என்று அவரிடமே எத்தனை நாள் அலுத்துக்கொண்டிருக்கிறேன்!

வெளியே வந்தபோது ஷூ மாட்டி, கயிறு கட்டி, பேன்ட்டை இறக்கி, பழைய மச்சானாக வந்தார். "நாப்பத்திநாலு" என்றார். நான் சுவரிலிருந்த காசநோய் விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருப்பவன் போல நின்றேன். "வாழ்த்துகள் மச்சான்" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான வார்த்தை என்று உறைத்தது. அவர் சிரித்த மாதிரிதான் இருந்தது.

அட்டை வந்தது. செவ்வாயும் வெள்ளியும் மதியம் இரண்டு மணிக்கு ஆட்டம். நான் அவருடைய உதவியாளர் என்ற பெயரில் உள்ளே போனேன். காலையிலேயே தெருக்களை முடித்துவிட்டு ஓடி வருவேன். அந்த நேரத்தில் இன்னொரு ஜோடிதான் இருந்தது. ஒரே அலுவலகத்தில் டைப் அடிக்கிற இரண்டு பெண்கள், இரண்டு பேரும் சக்கர நாற்காலியில். பாவம், பார்த்து ஆட வேண்டும் என்று நான் நினைத்தது ஐந்து நிமிஷம்கூட நீடிக்கவில்லை. பதினொன்றுக்கு நான்கு என்று எங்களை வெளுத்து வாங்கினார்கள்.

"நின்னுட்டு ஆடறவங்களுக்குச் சலுகை கிடையாது சார்" என்றாள் ஒருத்தி. மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்த மூன்று வாரமும் மச்சான் வேறு ஆளாக இருந்தார். எனக்கு விளங்கவில்லை. தோற்றுக்கொண்டே இருந்தோம், அவர் பாட்டுக்கு விசிலடித்துக்கொண்டு வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டம் முடிந்து என்னோடு என் வீட்டுக்கு வந்தவர், வழக்கம்போல வாசலில் நிற்காமல் படியில் உட்கார்ந்து வலது ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதற்குள் பக்கத்துச் சாவிக் கடையிலிருந்து போன் வந்தது, யாரோ வாடிக்கையாளர் காத்திருக்கிறாராம். கயிற்றைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். போகும்போது, "அடுத்த வாரம் உட்கார்ந்து பேசலாம் மாப்ளே" என்றார்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை போனால் போஸ்டருக்குக் கீழே அட்டவணையைக் காணோம். சதுரமாக வெளுத்த சுவர்தான் இருந்தது. மேஜைகளில் ஒன்றில் மாணவர்கள், ஒன்றில் நரைத்த தலைகள். கவுன்ட்டர் அம்மா ஒரு சுற்றறிக்கையைத் தள்ளினார். குடிமக்களைப் பிரித்து நேரம் ஒதுக்குவது கொள்கையின் நோக்கத்துக்கே எதிரானது, யாரும் எந்த நேரத்திலும் யாரோடும் விளையாடலாம், அட்டையோ சான்றிதழோ கேட்கக் கூடாது என்று அதில் இருந்தது. நான் இரண்டு முறை படித்தேன். இதுவும் நியாயமாகத்தான் இருந்தது.

"இனிமே பழையபடி ஆறு மணிக்கே வாங்க சார், நல்லதாப் போச்சு" என்றார் அந்த அம்மா.

நான் மேலே இருந்த தேதியைப் பார்த்தேன். போன மாதம் எட்டாம் தேதி.

"எட்டாம் தேதியே வந்துடுச்சாம்மா இது?"

"மேல கையெழுத்தானது எட்டாம் தேதி. எங்க கைக்கு நேத்துதான் வந்துது. நீங்க அட்டைக்கு அலைஞ்சிருக்கவே வேணாம் பாருங்க."

பதினைந்தாம் தேதி அவர் நடந்த இருபத்திரண்டு அடியும் என் கண்முன் வந்தது. கத்தினேன். கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை, அந்த அம்மாவைத் திட்டி என்ன பயன் என்று தெரிந்துதான் கத்தினேன். மச்சான் என் தோளைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். அவருக்குக் கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் குழப்பமாக இருந்தது.

பேருந்து நிலையம்வரை நடந்தோம். மூன்று மணி வெயில். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார்.

"மாப்ளே, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு டாக்டர் ரூம் கதவு சரியா மூடல. நீ பாத்தியா?"

யோசிக்க ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை நான். அவர் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்ற நினைப்பு. "இல்ல மச்சான். சத்தியமா பாக்கல. நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னுட்டிருந்தேன்."

"ஓ" என்றார்.

ஒரு பேருந்து வந்து, ஆட்களை இறக்கி, போனது.

"நீ பாத்துட்டேன்னு நெனச்சேன்" என்றார். "உன் அக்காகிட்டகூடச் சொன்னேன். உன் தம்பி பாத்துட்டான், பாத்துட்டும் எப்பவும்போலத்தான் இருக்கான்னு. இந்த மூணு வாரமா மனசுல ஒரு பாரமே இல்ல." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். "பாக்கலியா. சரி, விடு."

பார்த்தேன் மச்சான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். இப்போது சொன்னால் தன் மனசு நோகக் கூடாதே என்று சொல்கிறான் என்றுதான் நினைப்பார். சத்தியம் வேறு செய்துவிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"நாளைக்கு ஆறு மணிக்கு வர்றீங்கதானே?" என்று மட்டும் கேட்டேன்.

"பாக்கலாம் மாப்ளே, கடையில வேலை கிடக்கு" என்று சொல்லிவிட்டு, முதுகை நேராக்கிக்கொண்டு, தோள் ஆடாமல் சந்துக்குள் நடந்து போனார்.